கல்லைத் தேடிப் போன மரங்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்போர்ன் நகரின் மேற்குப் புறநகரில் தொடங்கி ஒரு பெரிய சமவெளி மேற்கே நீண்டு கிடக்கிறது. முழுக்க முழுக்க எரிமலைக் குழம்பு ஓடி உறைந்து உண்டான தரை. பரப்பு 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல். அதில் 400-க்கும் அதிகமான எரிமலைகள் ஆங்காங்கே சிறு குன்றுகளாக நிற்கின்றன. 1830களில் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு வந்த ஐரோப்பியர்களுக்கு இந்த நிலம் கொழுத்த வேட்டையாகத் தெரிந்தது. காடு வெட்ட வேண்டாம், வேர் பிடுங்க வேண்டாம். கண்ணுக்கெட்டிய தூரம் புல். புல்லுக்கு அடியில் ஆழமான, வளமான களிமண்.

அதே சமவெளியின் தென்மேற்கு மூலையில் பட்ஜ் பிம் என்றோர் எரிமலை இருக்கிறது. அண்மைக் காலம் வரை வரைபடங்களில் அதன் பெயர் எக்கிள்ஸ் மலை. அதன் வாயிலிருந்து வழிந்த குழம்பு உறைந்த இடத்தில் காலை ஊன்றி வைக்கவே இடமில்லை. கரடுமுரடான கறுப்புப் பாறை, பாறை மேல் பாறை, இடையிடையே பிளவும் பள்ளமும். ஒரு கூடை மண் அள்ள வேண்டுமென்றால் நாலு இடத்தில் சுரண்ட வேண்டியிருக்கும். அங்கேதான் யூகலிப்டஸ் காடு நிற்கிறது.

மண் இருந்த இடத்தில் மரம் இல்லை. மண் இல்லாத இடத்தில் மரம். தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை, வயல் வரப்பைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இது தலைகீழாகத்தான் படும்.

முதலில் அந்தக் கல் அங்கே எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். பசால்ட் என்னும் எரிமலைப் பாறையில் சிலிக்கா ஏறத்தாழ பாதிதான். சிலிக்கா குறைந்த குழம்பு நீர்த்துப்போய் ஓடும். 1,100 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெளியே வந்து, சரிவு கொஞ்சமாக இருந்தாலும் வெகுதூரம் போகும். பட்ஜ் பிம்மின் குழம்பு தெற்கே கடற்கரையைத் தாண்டி, இன்று கடலுக்கு அடியில் இருக்கும் தரை வரை போயிருக்கிறது. மொத்த நீளம் சுமார் 50 கிலோமீட்டர். அது பனியுகக் காலம். உலகின் நீரில் ஒரு பகுதி நிலத்தின் மேல் பனிக்கட்டியாக உறைந்திருந்ததால் கடல் மட்டம் இன்றைவிடப் பல பத்து மீட்டர் கீழே இருந்தது. குழம்பு ஓடியபோது அந்தக் கடலடித் தரை காய்ந்த நிலமாகத்தான் இருந்தது.

எரின் மட்சான் என்ற புவியியலாளரும் அவருடைய குழுவினரும் பாறையில் அடைபட்டிருக்கும் ஆர்கான் வாயுவின் அளவைக் கொண்டு இந்த வெடிப்பின் வயதைக் கணக்கிட்டு 2020-ல் வெளியிட்டார்கள். 36,900 ஆண்டு, கூட்டியோ குறைத்தோ 3,100 ஆண்டு. மனிதர்களின் நினைவுக்கு இது மிகப் பழையது. எரிமலைத் தரையின் கணக்கில் நேற்று நடந்தது மாதிரி.

குழம்பு ஓடும்போது முதலில் மேல்பரப்பு ஆறி ஓடாக இறுகும். உள்ளே சூடான குழம்பு இன்னும் ஓடிக்கொண்டே இருக்கும். பின்னாலிருந்து மேலும் மேலும் தள்ளும். அந்த அழுத்தத்தில் மேலோடு சில இடங்களில் உப்பி எழும், உச்சியில் வெடித்துப் பிளக்கும். வேறு சில இடங்களில் உள்ளே இருந்த குழம்பு வடிந்து போய்விட, தாங்குவதற்கு ஏதுமில்லாமல் மேலோடு தொப்பென்று உள்ளே விழும். இப்படி மேடும் குழியும் பிளவும் குகையுமாக ஒரு தரை உருவாகிறது. ஆறும்போது பாறை சுருங்குவதால் செங்குத்தான வெடிப்புகள் வேறு. விக்டோரியாவில் இந்த மாதிரி நிலத்தை ‘கல் மேடுகள்’ என்ற பொருளில் அழைக்கிறார்கள். மேடுகளை மட்டும் வைத்து எழுந்த பெயர். பள்ளங்களும் அவற்றுக்குச் சமமாகவே முக்கியமானவை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இப்போது வயதுக்கு வருவோம். சமவெளியின் பெரும்பகுதி பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, சில இடங்களில் நாற்பது லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு, ஓடிய குழம்பு. அவ்வளவு காலம் மழையும் வெயிலும் பட்ட பசால்ட் கல்லாக இருப்பதில்லை, களிமண்ணாகிவிடுகிறது. பெர்னி ஜாய்ஸ் என்ற புவியியலாளர் இந்தச் சமவெளியின் தரைகளை அவை சிதைந்திருக்கும் அளவை வைத்தே வகை பிரித்தார். ஒரு முனையில் பழைய, ஆழமான களிமண் தரை. மறுமுனையில் பாறை அப்படியே தெரியும் இளைய தரை. அதற்கு அவர் எக்கிள்ஸ் மலையின் பெயரையே வைத்தார்.

களிமண் என்றால் என்ன களிமண்? கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம். மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும். சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். விக்டோரியச் சமவெளியின் கறுப்புக் களிமண்ணும் நீர் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் கனிமங்களால் ஆனது. ஒரு மரக்கன்றின் நிலையிலிருந்து இதை யோசித்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில். அப்போது அந்த மண்ணில் நீர் தேங்கி, வேருக்குக் காற்று கிடைக்காது. கோடையில் மண் வெடிக்கும்போது இளம் வேர்கள் அறுபடும். மண்ணில் ஈரம் இருப்பதாக அளவுகோல் சொன்னாலும், களிமண் துகள்கள் அந்த ஈரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு வேருக்கு விடுவதில்லை.

போதாக்குறைக்குப் புல். அங்கே ஓங்கி வளர்ந்தது கங்காரு புல்; நம் நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளிலும் இருக்கிற தெமிடா ட்ரையாண்ட்ரா என்ற அதே இனம். அடர்ந்த புல்லின் வேர்கள் மேல்மண் ஈரத்தை முதலில் உறிஞ்சிவிடும். யூகலிப்டஸ் விதையோ ஓரிரு மில்லிமீட்டர்தான்; அதில் சேமிப்பு உணவு ஏறக்குறைய கிடையாது. விழுந்தவுடன் வெறும் தரையும் வெளிச்சமும் கிடைத்தால் பிழைக்கும். புல்லுக்குள் விழுந்தால் முளைத்த வேகத்தில் வாடும். தப்பிப் பிழைத்ததை அடுத்த புல்வெளித் தீ கொண்டுபோகும். பழங்குடிகள் அந்தப் புல்வெளிகளை வழக்கமாகக் கொளுத்தியும் வந்தார்கள். களிமண், புல், தீ, இவற்றில் எது முதல் காரணம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. என் கட்சி, தனியாக எதுவுமே போதாது என்பதுதான்; களிமண் கன்றைத் தளர்த்தி வைக்கிறது, மற்றவை வந்து முடித்துவைக்கின்றன.

இனி பாறைக்குப் போவோம்.

பட்ஜ் பிம் காட்டின் தலைமை மரம் யூகலிப்டஸ் விமினாலிஸ். ஆங்கிலேயர் வைத்த பெயரில் மன்னா மரம். பூச்சிகள் துளைத்த இடங்களில் வழியும் சாறு காய்ந்து வெள்ளையான இனிப்புத் துணுக்குகளாகத் தரையில் உதிரும். அதனால் அந்தப் பெயர். 1840களில் ஊட்டிக்கு வந்த யூகலிப்டஸைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த மரத்தை அடையாளம் காணவே கொஞ்சம் நேரமாகும். வரிசை கிடையாது, நெட்டையான நேர்த் தண்டு கிடையாது. பாறை இடம் கொடுத்த பக்கம் சாய்ந்து, தாழவே கிளை பிரிந்து, வயதானதும் உள்ளே பொந்தாகிப் போன மரங்கள். பட்டை நீள நீளமான நாடாக்களாக உரிந்து கிளைகளில் தொங்கும். கூடவே, நீலகிரியில் சீகை என்கிற வாட்டில் மரங்களின் உறவான பிளாக்வுட், முள் புதர்கள், பெரணிகள். பாறையின் நிழல் பக்கத்தில் பச்சைப் பாசி, வெயில் பக்கத்தில் சாம்பல் நிற லைக்கன்.

ஒரு மரத்தின் அடிப்பக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். தண்டு ஒரு பாறைப் பிளவிலிருந்து வெளியே வருகிறது. பிளவு ஒரு சாண் அகலம்கூட இருக்காது. தண்டு அதைவிடப் பருமனாகிவிட்டதால், விளிம்பில் பட்டை பிதுங்கிப் பாறை மேல் வழிந்த மாதிரி படிந்திருக்கிறது. பக்கத்துப் பாறையின் மேல்பரப்பில் ஊசி குத்தினாற்போல எண்ணற்ற துளைகள். குழம்பிலிருந்து வாயு வெளியேறியபோது உண்டானவை. பிளவுக்குள் கையை விட்டால் முதலில் காய்ந்த இலையும் பட்டைத் துணுக்கும் தட்டுப்படும். அதற்கும் கீழே, முழங்கை ஆழத்தில், கறுப்பான ஈர மண். கோடையிலும் அது குளிர்ச்சியாக இருக்கும்.

அந்த மண்ணும் ஈரமும் எங்கிருந்து வந்தன? இந்தப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை. களிமண் சமவெளியில் அது எல்லா இடத்திலும் சமமாக விழுந்து, புல் வேர்களுக்குப் பங்காகி, வெயிலில் ஆவியாகிவிடுகிறது. பாறையில் விழுந்த மழை அங்கே நிற்க முடியாது. நாலாபக்கமும் வழிந்து பிளவுக்குள் போகிறது. ஆக, பத்து சதுர மீட்டர் பாறையில் பெய்த மழை அரை மீட்டர் பிளவுக்குக் கிடைக்கிறது. உள்ளே போன நீரை வெயில் தொட முடியாது, மேலே கல் மூடியிருக்கிறது. கூடவே காற்று கொண்டுவந்த தூசி, உதிர்ந்த இலை, லைக்கன் அரித்த பாறைத் துகள், எல்லாம் கழுவப்பட்டு அதே பிளவில் சேர்கின்றன. நிலம் முழுக்கச் சராசரி எடுத்தால் மண் இல்லை என்றுதான் கணக்கு வரும். மரத்துக்குச் சராசரி தேவையில்லை. வேர் இறங்கும் இடத்தில் இருந்தால் போதும்.

வேருக்குத் துணையாக இன்னொரு கூட்டாளியும் உண்டு. யூகலிப்டஸ் வேர் நுனிகளைச் சுற்றிப் பூஞ்சை இழைகள் உறை மாதிரி படிந்திருக்கும். வேர் நுழைய முடியாத மயிரிழை வெடிப்புகளில் இந்த இழைகள் நுழைந்து, அமிலங்களைச் சுரந்து, பாறையிலிருந்து கனிமச் சத்தைக் கரைத்தெடுத்து மரத்துக்குக் கொடுக்கின்றன. பதிலுக்கு மரத்திடமிருந்து சர்க்கரை வாங்கிக்கொள்கின்றன. சாதாரண ஆஸ்திரேலிய மண்ணில் இப்படிக் கரைத்தெடுக்கக் கனிமச் சத்து அதிகம் மிச்சமில்லை, ஏனென்றால் அந்தக் கண்டத்தின் பெரும்பாலான மண் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழுவப்பட்டுச் சத்து வற்றியது. குறிப்பாகப் பாஸ்பரஸ் மிகக் குறைவு. பசால்ட் புதிதாக பூமியின் வயிற்றிலிருந்து வந்தது. கால்சியம், மெக்னீசியம், இரும்பு, பாஸ்பரஸ் எல்லாம் இன்னும் கல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

ஈரமும் சத்தும் கிடைத்துவிட்டன. மூன்றாவதாகக் கிடைப்பது பாதுகாப்பு. பிளவுக்குள் முளைத்த கன்றின் மேல் புல் நெருக்காது. மேய வரும் விலங்கின் வாய் எட்டாது. புல்வெளித் தீ தொடர்ச்சியாக எரிய விறகு வேண்டும். பாறைத் திட்டுகள் அந்தத் தொடர்ச்சியை அங்கங்கே அறுத்துவிடுகின்றன. பின்னாளில் வந்த ஏர்க்கலப்பையும் இங்கே தோற்றது. சமவெளியின் இயற்கைப் புல்வெளியில் இன்று நூற்றில் ஐந்து பங்குகூட மிச்சமில்லை. அழியும் நிலையின் உச்சத்தில் இருப்பதாக 2008-ல் ஆஸ்திரேலிய அரசு அதைப் பட்டியலில் சேர்த்தது. கல் மேட்டுக் காடு தப்பியதற்குப் பெரிய காரணம் யாரும் அதைக் காப்பாற்ற நினைத்தது அல்ல. அதை உழ முடியவில்லை.

இதே கதையைக் கண்டத்தின் மறு கோடியில் வைத்துப் பார்த்தால் ஒரு திருப்பம் தெரிகிறது. வடக்கு குயின்ஸ்லாந்தில் உண்டாரா என்ற எரிமலை சுமார் 1,90,000 ஆண்டுகளுக்கு முன் கக்கிய குழம்பு 160 கிலோமீட்டர் தூரம் போனது. அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம், குழம்பு தன் மேலோட்டின் அடியில் குழாய் போன்ற சுரங்கங்களுக்குள் சூடு ஆறாமல் ஓடியது. இங்கே கல்லின் மேல் கொஞ்சம் மண் படிந்துவிட்டது. தடித்த, ஆழமாகப் பிளவுபட்ட, கறுத்த பட்டை கொண்ட அயர்ன்பார்க் யூகலிப்டஸ் மரங்கள் அகல அகலமாக நிற்கின்றன, அடியில் புல். கோடை மழைக்குப் பிறகு புல் ஆளுயரம் வளர்ந்து, காய்ந்து, எரிகிறது. அந்தத் தடித்த பட்டை தீக்காகவே ஏற்பட்ட கவசம்.

ஆனால் சுரங்கத்தின் கூரை இடிந்து விழுந்த பள்ளங்களில் யூகலிப்டஸே கிடையாது. அங்கே கொடிகள் பின்னிய, இலை அகன்ற, உலர் மழைக்காட்டு மரங்கள். விமானத்திலிருந்து பார்த்தால் சாம்பல் பச்சைக் காட்டுக்கு நடுவே கரும்பச்சைக் கோடாக அவை தெரியும். பாறை இடிபாடுகளுக்குள் தீ இறங்குவதில்லை. தீ இல்லாத இடத்தில் யூகலிப்டஸுக்கு இருந்த சலுகை போய்விடுகிறது. தெற்கே தீயைத் தடுத்து யூகலிப்டஸைக் காப்பாற்றிய அதே கல், வடக்கே தீயைத் தடுத்து யூகலிப்டஸை வெளியேற்றுகிறது. சார்ட்டர்ஸ் டவர்ஸ் ஊருக்கு அருகே டூம்பா என்ற எரிமலையின் குழம்பு இன்னும் இளையது, வயது இருபதாயிரம் ஆண்டை ஒட்டி; 120 கிலோமீட்டர் நீளம். வெறுங்கல்லாகவே கிடக்கும் அந்தத் தரையை அங்குள்ளவர்கள் மதில் என்றே பெயரிட்டு அழைக்கிறார்கள். மாடு மேய்ப்பவர்களுக்கு அது உண்மையிலேயே மதில்தான்.

பட்ஜ் பிம்முக்குத் திரும்புவோம். சத்துள்ள கல்லில் வளர்ந்த மரத்தின் இலையும் சத்துள்ளது. யூகலிப்டஸ் இலை பொதுவாக உணவே அல்ல. நார், எண்ணெய், நச்சுப் பொருட்கள் எல்லாம் சேர்ந்தது. வளமான நிலத்து மரங்களின் இலையில் நைட்ரஜன் சற்று அதிகம். கோவாலாவுக்கு அந்தச் சிறிய வித்தியாசம்தான் வாழ்வா சாவா என்பது. ஒரு நாளில் பதினெட்டு, இருபது மணி நேரம் தூங்கியே சக்தியை மிச்சம் பிடிக்கும் பிராணி அது. அதற்கு மிகவும் பிடித்த இலைகளில் மன்னா மர இலை ஒன்று.

விக்டோரியாவில் கோவாலாக்கள் தோலுக்காக வேட்டையாடப்பட்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட இல்லாமலே போயின. அதற்குச் சற்று முன் ஒரு தீவில் விடப்பட்டிருந்த சில கோவாலாக்களின் சந்ததிதான் பின்னர் மாநிலமெங்கும் கொண்டுபோய் விடப்பட்டது. பட்ஜ் பிம்முக்கு 1970களில் வந்தன. நல்ல இலை, எதிரி இல்லை, பெருகின. தின்று தின்று மரங்களை மொட்டையடித்தன. இலை இழந்த யூகலிப்டஸ் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகளிலிருந்து புதுத் தளிர் விடும். தீக்குப் பிறகு எழுவதும் அப்படித்தான். கோவாலா அந்தத் தளிரையும் தின்றுவிட்டால் மரம் மறுபடி சேமிப்பைச் செலவழித்துத் தளிர் விடும். சில சுற்றுகளில் கையிருப்பு தீர்ந்து மரம் செத்துப்போகிறது. 2000களில் ஆயிரக்கணக்கான பெண் கோவாலாக்களுக்குக் கருத்தடை மருந்து வைத்துப் பார்த்தார்கள். காட்டில் ஒரு விலங்குக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்ய வேண்டிவந்தது என்றால், அந்த விலங்கை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கணக்கை எவ்வளவு மேலோட்டமாகப் போட்டிருந்தார்கள் என்பதை நாமே ஊகிக்கலாம்.

கோவாலாவுக்கு நெடுங்காலம் முன்பே இந்தக் கல்லைப் படித்து வைத்திருந்தவர்கள் குண்டிட்ஜ்மாரா மக்கள். பட்ஜ் பிம் அவர்களுக்கு மூதாதைப் படைப்பாளி தன்னை வெளிப்படுத்திய இடம். மலை அவருடைய நெற்றி, குழம்புப் பாறை அவருடைய பற்கள். வெடிப்பைக் கண்ணால் கண்டவர்களின் சொல்லாக இது இருக்கக்கூடும் என்று மட்சான் குழுவினர் கருதுகிறார்கள். பக்கத்து டவர் ஹில் எரிமலையின் சாம்பல் படிவுக்கு அடியிலிருந்து 1940களில் ஒரு கல் கோடரி கிடைத்திருக்கிறது. அந்த எரிமலையும் ஏறத்தாழ அதே வயதுதான். 37,000 ஆண்டு வாய்மொழியாக ஒரு நினைவு நிலைக்குமா என்ற கேள்வி எனக்கு இன்னும் உண்டு. வெடித்தபோது அங்கே ஆட்கள் இருந்தார்கள் என்பதில் சந்தேகப்பட அவ்வளவு இடமில்லை.

பள்ளங்களும் முக்கியம் என்று சொன்னேன் அல்லவா? குழம்பு பழைய ஆற்று வழிகளை அடைத்ததால் ஓரங்களில் ஏரியும் சதுப்பும் உண்டாயின. அவற்றில் ஒன்று டே ராக். ஆங்கிலப் பெயர் காண்டா ஏரி. மழைக்காலத்தில் நீர் ஏறிப் பாறைப் பள்ளங்களுக்குள் நுழையும், பிறகு வடியும். அந்த ஏற்ற இறக்கத்தோடு விலாங்கு மீன்களும் போய் வரும். குண்டிட்ஜ்மாரா மொழியில் கூயாங். குண்டிட்ஜ்மாரா மக்கள் பசால்ட் கற்களை அடுக்கிச் சுவர் கட்டி, தேவைப்பட்ட இடத்தில் பாறையைப் பெயர்த்து வாய்க்கால் வெட்டி, நீரைத் தாங்கள் விரும்பிய வழியில் திருப்பினார்கள். சுவரின் இடைவெளியில் கோரை பின்னிய நீண்ட கூடை. சிறியவற்றைத் தேக்கங்களில் விட்டு வளர்த்தார்கள், வேண்டியதைப் பிடித்தார்கள். இயன் மக்நிவன் தலைமையிலான அகழாய்வு இவற்றில் ஒரு கட்டுமானத்தின் வயதை 6,600 ஆண்டு என்று காட்டியது. உலகின் மிகப் பழைய நீருயிர் வளர்ப்பு அமைப்புகளில் அது ஒன்று. அதே கற்களை வட்டமாக அடுக்கி வீட்டுக்கு அடித்தளம் போட்டார்கள்.

மரமும் இதில் பங்காளி. பொந்தாகிப் போன மன்னா மரங்களுக்குள் புகை மூட்டி விலாங்கைப் பதப்படுத்தினார்கள். ஹெதர் பில்த் என்ற தொல்லியலாளர் அப்படிப்பட்ட பழைய மரங்களின் பொந்துக்குள் படிந்திருந்த மண்ணைச் சோதிக்கச் செய்தபோது விலாங்கின் கொழுப்பு அதில் தென்பட்டது. ஓடித் திரியும் ஆதிவாசிகள் என்று பாடப்புத்தகங்கள் எழுதிவைத்த மக்கள், கல் வீட்டில் இருந்து, மீன் வளர்த்து, கெடாமல் சேமித்து வைத்திருக்கிறார்கள். கொழுப்பு மிகுந்த விலாங்கு புகையூட்டினால் நாள்பட நிற்கும். தொலைவில் இருந்தவர்களோடு பண்டமாற்றுக்கும் உதவும்.

1840களில் நிலத்துக்காகச் சண்டை மூண்டது. யூமரெல்லா போர்கள் என்று அதற்குப் பெயர். சமவெளியில் குதிரை மேல் துப்பாக்கியோடு வந்தவர்களை எதிர்த்து நிற்க முடியாத குண்டிட்ஜ்மாரா வீரர்கள் கல் மேடுகளுக்குள் திரும்பிவிடுவார்கள். குதிரை உள்ளே வராது. வந்தால் கால் முறியும். மரக்கன்றுக்குக் கிடைத்த அதே அடைக்கலம். ஆனாலும் ஆள் பலத்திலும் ஆயுதத்திலும் சமன் இல்லாத போர் எப்படி முடியுமோ அப்படித்தான் முடிந்தது. பிறகு குடியேறியவர்கள் டே ராக் ஏரியிலிருந்து நீரை வடிக்க வாய்க்கால் வெட்டினார்கள். 1950களில் அது முழுதாக வடிந்துபோனது. 2007-ல் நீதிமன்றம் குண்டிட்ஜ்மாரா மக்களின் பூர்வீக நில உரிமையை ஏற்றது. 2010-ல் அணை கட்டி ஏரியில் நீரைத் திரும்ப நிறுத்தினார்கள். 2019-ல் பட்ஜ் பிம் பண்பாட்டு நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஆஸ்திரேலியாவில் பழங்குடிப் பண்பாட்டுச் சிறப்பை மட்டுமே காரணமாகக் கொண்டு அந்தப் பட்டியலில் சேர்ந்த முதல் இடம் இதுதான். அந்த ஆண்டின் கோடைக் காட்டுத்தீ புதரை எரித்துவிட்டுப் போனபோது, அதுவரை கண்ணில் படாத ஒரு வாய்க்கால் அமைப்பு வெளியே தெரிந்தது.

தீயைக் கல் தடுக்கும் என்று எழுதினேன். எப்போதும் தடுக்காது. 2025 மார்ச்சில் மின்னல் விழுந்து பிடித்த தீ பட்ஜ் பிம் பூங்காவில் சுமார் 2,200 ஹெக்டேரை எரித்தது. வறண்ட கோடையின் கடைசியில் மரத்தின் உச்சியோடு உச்சியாகப் பரவும் தீக்குத் தரையில் கல் இருந்தால் என்ன, மண் இருந்தால் என்ன? தீயணைப்பு வண்டி உள்ளே போக முடியாததும் அதே கல்லால்தான். தீக்காயத்தோடும் பட்டினியோடும் மரத்தின் உச்சியில் மாட்டிக்கொண்ட கோவாலாக்களை நடந்து போய் எட்டுவது ஆபத்து என்று சொல்லி, அரசு ஹெலிகாப்டரிலிருந்து ஆட்களை வைத்து நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொன்றது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. வேதனையை முடித்துவைப்பது சரி என்று கால்நடை மருத்துவர்கள் சிலர் சொன்னார்கள். மேலிருந்து பார்த்து எது பிழைக்கும், எது பிழைக்காது என்று எப்படித் தெரியும் என்று விலங்கு நல அமைப்புகள் கேட்டன. எனக்குப் பின்னவர்களின் கேள்வி நியாயமாகப் படுகிறது. அதைவிடப் பெரிய கேள்வி, தீக்கு முன்பே மரங்கள் தாங்காத அளவுக்குக் கோவாலாக்கள் அங்கே ஏன் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன என்பது. காட்டைச் சுற்றிலும் மேய்ச்சல் நிலமும், வெட்டுவதற்காகவே நட்ட நீல யூகலிப்டஸ் தோட்டங்களும். தோட்டத்தை அறுவடை செய்தால் அங்கிருந்த கோவாலாக்களும் வேறு இடம் தேடிக் கல் மேட்டுக்குத்தான் வரவேண்டும்.

யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பரப்பு ஏறத்தாழ 10,000 ஹெக்டேர். விக்டோரியாவின் கல் மேடுகள் அதோடு முடிந்துவிடவில்லை. கிழக்கே கோலாக் ஊர்ப் பக்கம் வரை தனியார் பண்ணைகளில் சிதறிக் கிடக்கின்றன. அங்கே குடியேறியவர்கள் அந்தக் கற்களைப் பொறுக்கிச் சாந்தில்லாமல் அடுக்கிய நீண்ட சுவர்கள், முயல் வராமல் தடுக்கக் கட்டியவை உட்பட, இன்னும் நிற்கின்றன. ஏருக்கு அடங்காத இந்த நிலத்துக்கு இப்போது டிராக்டர் இழுத்துச் செல்லும் கல் நொறுக்கி இயந்திரங்கள் வந்துவிட்டன. மேல்தரைப் பாறையைச் சரளையாக்கி, அப்படியே மண்ணோடு கலந்து, அடுத்த பருவத்தில் விதைத்துவிடலாம். மரத்தை வெட்டினால் பிளவில் இன்னொரு விதை விழும். பிளவையே எடுத்துவிட்டால் விதை விழ இடமில்லை, அடுத்த பிளவு அடுத்த எரிமலை வெடிப்பில்தான் வரும்.

மெல்போர்னில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் கடலோரச் சாலையில் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். அங்கிருந்து இன்னும் இரண்டு மணி நேரம் மேற்கே வண்டி ஓட்டினால் பட்ஜ் பிம். குண்டிட்ஜ்மாரா வழிகாட்டிகளே டே ராக் கரையில் அழைத்துப்போய் வாய்க்கால்களையும் கல் சுவர்களையும் காட்டுகிறார்கள். தீக்குப் பிறகு சில பாதைகள் மூடப்படுவதுண்டு, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். கணுக்காலை மூடும் காலணி அவசியம். அடுக்கி வைத்த கல் போலத் தெரிகிற எதன் மேலும் கால் வைக்காதீர்கள், எதையும் நகர்த்தாதீர்கள். அது இயற்கையாகக் கிடக்கும் கல்லா, யாரோ ஆறாயிரம் ஆண்டுக்கு முன் வைத்த கல்லா என்று வழிகாட்டியிடம் கேட்டால் சொல்வார்.